சுவரொட்டியில் ஒரு வெண்பா

கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் எழுத்துதான் தெரியும். தேவர் சிலையைச் சுற்றி, தர்காவுக்குத் திரும்பும் வழியில், பெரியாஸ்பத்திரிப் பக்கம், ஆல்பர்ட் விக்டர் பாலம் ஏறுமிடம் என்று எங்கும் சுவரொட்டியும் பிளெக்ஸும். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மதுரைக்காரர்களுக்கு நல்லது கெட்டது எதுவானாலும் சுவரில் ஏறினால்தான் மனம் நிறையும். படத்துக்கு மேலே இரண்டு வரியோ நாலு வரியோ இருக்கும். எழுதியவர் பெரும்பாலும் யாப்பிலக்கணம் படித்திருக்க மாட்டார். ஆனாலும் வீரத்துக்குப் பக்கத்தில் விவேகம் வந்து நிற்கும். பாசத்துக்குப் பக்கத்தில் பண்பு வரும். ஒரு வரி 'மாமன்' என்று தொடங்கினால் அடுத்த வரி 'மதுரை' என்று தொடங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும்.

இந்தச் சுவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இதே கோரிப்பாளையத்தில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் தமிழ் படித்து, பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கல்யாணத்துக்கு வாழ்த்துமடல், இறந்தவர்களுக்கு நினைவுப்பா என்று கேட்டு வருகிறவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறேன். எதுகை மோனையும் பாவின் கட்டும் புத்தகத்தில் கிடக்கும் இலக்கணம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை நம் காதில் இருக்கின்றன என்பதற்கு இந்தத் தெருவைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

ஒருநாள் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். "டீச்சர், ஆத்தாவுக்கு வருஷம் திரும்புது. போஸ்டர் அடிக்கிறோம். மேல நாலு வரி எழுதிக் குடுங்க" என்றார்.

"என்னப்பா வரணும் அதுல?"

"கண்ணீரு, கடலு, மறையாத சூரியன் அதெல்லாம் வேணாம் டீச்சர். ஆத்தா பூ வித்து என்னையப் படிக்க வச்சுச்சு. அது வரணும்."

இப்படித் தெளிவாகக் கேட்கிறவருக்கு எழுதுவது சுகம். நான் எழுதிக்கொடுத்தது இது:

மல்லிகை விற்று மகனைப் படிப்பித்தாய்
சொல்லில் அடங்காச் சுமைசுமந்தாய் – நல்லதோர்
வீட்டைக் கொடுத்த விளக்கேநின் பேர்சொல்லிப்
பாட்டில் நனையும் படம்

வாசித்துக் காட்டினேன். மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் முறை 'சொல்லில்' என்று நான் தொடங்கியதும் அவர் வாயும் கூடவே வந்தது. கையில் காகிதம் இல்லை. அவர் கவிதை வாசிக்கிற வழக்கமும் உள்ளவர் இல்லை. ஆனாலும் அந்த வரி அவரிடம் ஒட்டிக்கொண்டது. 'நல்லதோர்' என்ற இடத்தில் குரல் தானாகவே நின்று, அடுத்த வரிக்குத் தாவியது.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

மல்லிகை, சொல்லில், நல்லதோர். மூன்றிலும் இரண்டாவது எழுத்து 'ல்'. வீட்டை, பாட்டில். இரண்டிலும் இரண்டாவது எழுத்து 'ட்'. இதுதான் எதுகை: அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. அத்துடன் ஒரு நிபந்தனையும் உண்டு. முதல் எழுத்து ஒரு வரியில் குறிலானால் மற்ற வரியிலும் குறில், நெடிலானால் நெடில். 'பட்டு' என்பதற்குப் 'பாட்டு' எதுகையாகாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காதுக்கு ஒன்றில்லை. விதி எழுதியவர்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு இந்த நிபந்தனையே போதும்.

மோனை முதல் எழுத்தின் உறவு. மல்லிகை, மகனை, சொல்லில், சுமை, வீட்டை, விளக்கே, பாட்டில், படம். ஒவ்வொரு வரியிலும் முதற்சீரும் மூன்றாம் சீரும் கைகோத்திருக்கின்றன. இதைப் பொழிப்பு மோனை என்பார்கள். எந்தெந்தச் சீர்களில் மோனை விழுகிறது என்பதை வைத்து இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என்று ஏழு வகை சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்த உறவில் அசல் எழுத்து மட்டும் வரவேண்டும் என்பதில்லை. இன எழுத்தும் வரலாம். சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் இனம். உயிரில் அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். ஆகவே மதுரைக்கும் வைகைக்கும் இலக்கணப்படியே மோனை உண்டு. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் முகம் மலரும்.

வரியின் கடைசியில் ஒலி ஒன்றுவது இயைபு. ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் அரபியிலும் கவிதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடைசி ஒலிதான். நமக்கோ அது பல தொடைகளில், அதாவது பாட்டில் ஒலியைத் தொடுக்கும் முறைகளில், ஒன்று. தமிழ்க் காது வரியின் தலையில் ஒலியைத் தேடுகிறது. கன்னடமும் தெலுங்கும்கூட அப்படித்தான். அங்கே அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றுவதற்குப் பிராசம் என்று பெயர். மலையாளத்திலும் இந்த இரண்டாம் எழுத்துப் பிராசம் வேண்டுமா வேண்டாமா என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கவிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். வேண்டும் என்றவர் கேரளவர்மா வலிய கோயித்தம்புரான். வேண்டாம் என்றவர் அவருடைய மருமகன் ஏ. ஆர். ராஜராஜவர்மா. ஒரே வீட்டுக்குள் நடந்த சண்டை அது.

தலையில் ஒலி நிற்பதால் என்ன பயன் என்று கேட்டால், பழைய ஓலைச்சுவடியைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஓலையில் இடம் குறைவு. பாட்டை இன்று அச்சிடுவதுபோல வரி வரியாக மடக்கி எழுதமாட்டார்கள். உரைநடைபோல ஒரே ஓட்டமாக எழுதிப்போவார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது, ஓலை கிழிந்துவிடும் என்று. அந்த எழுத்துக் கூட்டத்தில் அடி எங்கே தொடங்குகிறது என்று வாசிப்பவனுக்கு எதுகை சொல்லிக்கொடுக்கும். 'மல்லி' என்று தொடங்கியவன் போய்க்கொண்டே இருந்து 'சொல்லி' வந்ததும் இங்கே அடுத்த அடி என்று அறிவான். செல் அரித்துப் போன எழுத்தைச் சீர்செய்யவும் இதுவே துணை. எதுகை கெட்டால் பாடம் பிழை. மோனை வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் ஏதோ சொல் மாறியிருக்கிறது. பதிப்பாசிரியர்கள் சுவடிகளை ஒப்பிட்டபோது யாப்பு அவர்களுக்கு உரைகல்லாக இருந்தது. வைகைக்குத் தென்கரையில் பாண்டித்துரைத் தேவர் 1901இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம் சுவடிகளைத் தேடித் தொகுத்தது. 'செந்தமிழ்' இதழில் நூல்களை வெளியிட்டது. பண்டிதத் தேர்வுகள் நடத்தியது. அந்தத் தேர்வுகளுக்குப் படித்த தலைமுறைக்கு யாப்பு வேலைக்கு வேண்டிய அறிவு.

அடுத்து, சீர்களின் கட்டு. இதை விளக்க நான் வகுப்பில் வைத்துக்கொண்டிருந்த என் குறள் வெண்பா ஒன்று:

வைகை மணலில் வழிதேடும் நீராகக்
கைகள் எழுதும் கவி

ஏழே சீர். முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. இதில் ஒரு சீர் முடியும் விதமும் அடுத்த சீர் தொடங்கும் விதமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை; இந்தக் கட்டுதான் தளை. எழுத்துகள் சேர்ந்து அசையாகும், அசைகள் சேர்ந்து சீராகும். அசை இரண்டு வகை: ஒரு தட்டாக விழுவது நேர்; இரண்டு எழுத்து ஒட்டி உருண்டு விழுவது நிரை. 'நேர்' என்ற சொல்லே நேரசை; 'நிரை' என்ற சொல்லே நிரையசை. 'வைகை' நேர் நேர். அதற்கு வாய்பாடு தேமா. வெண்பாவில் மாவில் முடிந்த சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். 'மணலில்' நிரையில் தொடங்குகிறது, சரி. இரண்டாம் அசை நிரையாகி விளத்தில் முடிந்தால் அடுத்தது நேர். மூன்று அசை கொண்டு காயில் முடிந்தாலும் அடுத்தது நேர். 'வழிதேடும்' காய், 'நீராக' நேரில் தொடங்குகிறது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடியவேண்டும். 'கவி' நிரையசைச் சீர். மலர் என்ற வாய்பாடு.

இப்போது 'மணலில்' என்பதை எடுத்துவிட்டு 'ஆற்றில்' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். 'வைகை ஆற்றில் வழிதேடும்.' பொருள் கெடவில்லை. ஆனால் வாய் ஒரு கல்லில் இடறுகிறது. மாவுக்குப் பின் நேர் வந்து தளை தட்டிவிட்டது. 'கைகள்' என்பதை 'விரல்கள்' என்று மாற்றினாலும் அப்படியே. காய்க்குப் பின் நிரை வந்து வெண்பா நடை போய்விடும், எதுகையும் கூடவே போய்விடும். தளை என்னவென்று தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டையும் படித்துக் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். சரியாகச் சொல்லிவிடுவார்கள். காரணம் கேட்டால்தான் விழிப்பார்கள். காரணத்தை அதன் பிறகு சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.

பூக்காரம்மாவின் நினைவுப்பா நேரிசை வெண்பா. அதன் உயிர் இரண்டாம் அடியின் இறுதியில் கோட்டுக்குப் பின் தனியாக நிற்கும் 'நல்லதோர்'. அதைத் தனிச்சொல் என்போம். ஒலியால் அது முன்னிரண்டு அடிகளுக்குச் சொந்தம்; எதுகை அங்கே. பொருளால் பின்னிரண்டு அடிகளுக்குச் சொந்தம். இப்படி இரண்டு பக்கத்துக்கும் கைகொடுத்து நிற்கிற சொல் அது. அச்சகத்தில் வடிவமைக்கிற தம்பி, "டீச்சர், அந்தச் சின்னக் கோட்டை எடுத்துட்டு 'நல்லதோர்'ஐக் கீழ் வரிக்குத் தள்ளிடவா? டிசைன் பொருத்தமா இருக்கும்" என்று கேட்டான். வேண்டாம் தம்பி என்று உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். கீழே தள்ளினால் மூன்றாம் வரி 'நல்ல' என்று தொடங்கும்; 'வீட்டை'யும் 'பாட்டில்'உம் சேராமல் போகும். அவனும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எழுத்தின் அளவைக் குறைத்து, கோட்டோடு ஒரே வரியில் அடக்கிவிட்டான்.

ஒவ்வொரு பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெண்பா செப்புகிற பா. ஒரு கருத்தை நறுக்கென்று சொல்லி முடிக்கும். அதனால்தான் திருக்குறளின் 1,330 பாவும் குறள் வெண்பா. நாலடியாரின் 400 பாடலும் வெண்பா. அகவல் எனப்படும் ஆசிரியப்பாவுக்கு இப்படிக் கதவு அடைக்கிற அவசரம் இல்லை. தொல்காப்பியம் அதற்குக் குறைந்தது மூன்று அடி, மிகுதி ஆயிரம் அடி என்று எல்லை வகுத்தது. மூன்று அடியில் முடிகிற ஐங்குறுநூற்றுப் பாடலும் 782 அடிகள் ஓடுகிற மதுரைக்காஞ்சியும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் ஒரு நகரத்தின் இரவையும் பகலையும் கடைத்தெருவையும் கொடியையும் கூட்டத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. நாலடியில் அது அடங்காது. அகவல் அடிகளுக்கிடையே வஞ்சி அடிகளும் கலந்து, நாளங்காடியில் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பதுபோல அந்தப் பாட்டு போய்க்கொண்டே இருக்கும். சங்க காலத்து அகவலில் எதுகை மோனை பிற்காலத்தைப்போல இறுக்கமாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வருகிற இடத்தில் வரும். வராத இடத்தில் கட்டாயம் இல்லை. தொடைகளைப் பதின்மூவாயிரத்துக்கும் மேல் விரித்துக் கணக்குச் சொன்ன தொல்காப்பியம்தான், எந்தத் தொடையும் அமையாத பாட்டுக்கும் செந்தொடை என்று பெயர் வைத்து உள்ளே சேர்த்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த இலக்கணச் செய்தி இது. எதுகை இல்லாததால் கவிதை இல்லை என்று நம் முன்னோர் சொல்லவில்லை.

பிறகு விருத்தம் வந்தது. நான்கு அடி, நான்கும் அளவில் சமம், நான்கிலும் ஒரே எதுகை. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததுக்கு எதுகையை மாற்றிக்கொள்ளலாம், சந்தத்தையும் மாற்றலாம். நீண்ட கதை சொல்ல இது வரப்பிரசாதம். திருத்தக்க தேவர் சீவக சிந்தாமணியை இதில் பாடினார். கம்பன் இதை உச்சிக்குக் கொண்டுபோனான். போர் வரும்போது ஒரு சந்தம், பெண் நடந்து வரும்போது வேறு சந்தம். கதை கேட்கிறவர்கள் சொல்லைப் பிரித்து உணருமுன்னே ஓசை அவர்களுக்குச் சூழலைச் சொல்லிவிடும்.

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் இந்த ஊர்க் காதுக்கென்றே செய்யப்பட்டது. குமரகுருபரர் அதைத் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றினார் என்பது வழிவழிச் செய்தி. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று தொடங்கி ஊசல் வரை பத்துப் பருவம். பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஒவ்வொரு பாட்டும் நெடிய அடிகளால் ஓடிவந்து, அந்தப் பருவத்துக்குரிய முடிப்பில் வந்து இறங்கும். தாலப் பருவமென்றால் தாலாட்டும் சொல்லில், சப்பாணியென்றால் கைகொட்டச் சொல்லும் சொல்லில். நீண்ட வாக்கியம் புரியாமல் திணறுகிற கிழவிக்கும் அந்த முடிப்பு வந்ததும் குழந்தையைக் கையில் வாங்கிய நிறைவு வந்துவிடும். பாவடிவம் செய்கிற வேலை அது.

விருத்தம் சாதி மதம் பார்க்கவில்லை. ஆயிர மசலா என்கிற அதிசய புராணம் வண்ணப் பரிமளப் புலவரால் 1572இல் மதுரையில் அரங்கேற்றப்பட்டது. நமக்கு முழுதாகக் கிடைத்துள்ள பழைய இஸ்லாமியத் தமிழ் நூல்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வாழ்வை 5,027 விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். கம்பன் இராமனுக்கு எடுத்த அதே நாலடி, அதே எதுகை. கோரிப்பாளையத்தில் தர்காவின் பாங்கொலியும் தல்லாகுளம் பெருமாள் கோயில் மணியும் கேட்டு வளர்ந்தவளுக்கு இதில் வியப்பு இல்லை; பெருமிதம்தான். அரபு, பாரசீகக் கவிதை மரபை நன்றாக அறிந்தவர்கள் அந்தப் புலவர்கள். இருந்தும் தமிழில் பாடும்போது ஒலியை வரியின் கடைசியிலிருந்து தலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

வரிக்கடைசி ஒலியைத் தமிழ் நாட்டுப்புறம் என்றுமே கைவிட்டதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை முடித்து, நம் பாலத்துக்குப் பக்கத்திலேயே வைகையில் இறங்குகிறார். வழி முழுக்க வர்ணிப்பு பாடுகிறவர்களைக் கேட்கலாம். தொ. பரமசிவன் அழகர் கோயில் பற்றிய ஆய்வில் இந்த வர்ணிப்புப் பாடல்களை மதித்து எழுதியிருக்கிறார். பாடுகிறவர் ஒரு வரியை இழுத்து முடிப்பார். கூட இருப்பவர்கள் அதே ஒலியில் சேர்ந்துகொள்வார்கள். இங்கே இயைபு கூட்டத்துக்கு விடுக்கும் அழைப்பு. ஒப்பாரியிலும் கும்மியிலும் அப்படித்தான். இழவு வீட்டில் ஒரு பெண் முதல் அடியைச் சொன்னால், அடுத்தவள் அதற்கு ஈடான ஓசையில் அந்த வீட்டுச் செய்தியை வைத்து அப்போதே ஓர் அடி கட்டுவாள். அழுதுகொண்டே யாப்பு பிசகாமல் கட்டுவாள். நான் பார்த்த ஆசுகவிகள் அவர்கள்தான்.

இந்த நாட்டுப்புற வடிவங்களைக் கையிலெடுத்து இலக்கியத்தின் நடுக்கூடத்தில் உட்காரவைத்தவர் பாரதி. அவருக்கும் மதுரைக்கும் தொடர்பு உண்டு. 1904இல் சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். அவருடைய 'தனிமை இரக்கம்' அச்சேறியதும் அதே ஆண்டில், மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபாநு'வில்தான். மரபான நடையில் தொடங்கிய அந்த மனிதர் காவடிச்சிந்து, நொண்டிச்சிந்து, கும்மி என்று போய், கடைசியில் தளையே இல்லாத வசன கவிதையும் எழுதினார். வெண்பா கைவந்தவர் வெண்பாவை விட்டு வெளியே வந்தார். கைவராமல் வெளியே நிற்பதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அதற்குப் பிறகு ந. பிச்சமூர்த்தி வந்தார். சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுத்தார். புதுக்கவிதை நிலைத்தது. மதுரையில் பிறந்து தியாகராசர் கல்லூரியில் படித்த அப்துல் ரகுமான் 1974இல் 'பால்வீதி' தந்தார். 1999இல் 'ஆலாபனை'க்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கஜலைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். பாரசீக, உருதுக் கஜலின் கடைசி ஒலிக்கட்டை இறுக்கமாகப் பிடிக்காமல், தனித்தனிக் கண்ணியாக மின்னுகிற அதன் தன்மையை எடுத்துக்கொண்டார். எதுகை மோனை விதிப்படி வராவிட்டாலும், அவர் வரிகளை வாய்விட்டுப் படித்தால் யாப்பு பழகிய காது பின்னால் இருப்பது தெரியும்.

புதுக்கவிதையின்மேல் எனக்குப் பகையில்லை. என் கோபம் வேறு இடத்தில். எதுகைக்காக இழுத்துவந்து நிறுத்திய சொல்லைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. வாழ்த்துமடல்களில் இது அதிகம். மணமகன் பெயர் 'கண்ணன்' என்றால், அவர் என்ன வேலை பார்த்தாலும் 'திண்ணன்' ஆகிவிடுவார், 'அண்ணன்' ஆகிவிடுவார். அந்தப் பெயருக்குரிய மனிதர் எங்கே போனார்? ஒலி பொருந்த வேண்டும் என்று அலைகிறபோது, அந்த அலைச்சல் எழுதுகிறவரை அவர் முதலில் நினைத்திராத, ஆனால் உண்மையான ஒன்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பூக்காரம்மா பாட்டில் நான் 'கூட்டில்', 'ஏட்டில்' என்று தேடிக்கொண்டிருந்தேன். 'பாட்டில்' வந்தபோதுதான் சுவரொட்டியில் இருக்கப்போகிற படம் நினைவுக்கு வந்தது. அந்தப் படம் நனையும் என்ற முடிவும் கிடைத்தது. எதுகை இல்லாமல் எழுதியிருந்தால் எனக்கு அந்த முடிவு கிடைத்திருக்காது. கட்டு எழுதுகிறவருக்குச் செய்யும் உதவி இதுதான்.

கட்டளைக் கலித்துறை இன்னும் கடுமையானது. அடிக்கு ஐந்து சீர். மெய்யெழுத்தை நீக்கி எண்ணினால், அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17 எழுத்து. எண்ணிக் கட்டவேண்டிய வடிவம். ஆனால் அபிராமி அந்தாதி அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகச் சங்கிலி கோத்துப்போகும் அந்தாதி என்பதால், நூறு பாட்டையும் புத்தகம் இல்லாமல் சொல்கிற பெண்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததன் முதற்சொல் நாவில் வந்து நிற்கும். அவர்களிடம் கட்டளைக் கலித்துறை என்றால் என்னவென்று கேட்டால் தெரியாது. ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ உடனே தெரியும். அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையை, அதாவது இலக்கணத்தையே, இந்தக் கலித்துறையில்தான் எழுதினார். விதியைச் சொல்கிற நூலும் மனப்பாடமாக வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருந்திருக்க வேண்டும்.

பள்ளியில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்கிறார்கள். பிள்ளைகள் கட்டம் போட்டு, சீர் பிரித்து, நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே குறளைச் சத்தமாகச் சொல்லச் சொன்னால் உரைநடைபோலச் சொல்கிறார்கள். அலகிட்ட பிள்ளைக்கு ஓசை தெரியவில்லை. ஆட்டின் பல்லைப் பிடித்து வயது சொல்லக் கற்றவன், ஆடு நடந்துவருவதைப் பார்த்ததே இல்லை என்றால் எப்படியிருக்கும்?

நான் வகுப்பில் வைத்திருந்த முறை எளியது. முதல் நாள் புத்தகம் திறப்பதில்லை. நான் ஒரு வெண்பாவைச் சொல்வேன். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மேசையில் தட்டிக்கொண்டே சொல்வோம். நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு விரல் உருட்டித் தட்டு. பிறகு வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிச் சொல்வேன். எங்கே இடறியது என்று கை தூக்குவார்கள். அதன் பிறகுதான் தளை என்ற பெயரையே கரும்பலகையில் எழுதுவேன். கானா பாடத் தெரிந்த பையன்களும் சினிமாப் பாட்டு மெட்டுக்குச் சொல் மாற்றிப் பாடுகிற பெண்பிள்ளைகளும் இதில் மற்றவர்களை முந்திக்கொண்டார்கள். மெட்டுக்குச் சொல் கட்டுவதும் சீருக்குச் சொல் கட்டுவதும் அவர்களுக்கு ஒரே வேலை. மற்றப் பாடங்களில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அலகிடும் பயிற்சிக்கு முந்தைய வகுப்பை வாய்க்கும் காதுக்கும் கொடுங்கள். வினாத்தாள் தயாரிக்கிறவர்களிடமும் கேட்கிறேன். தளை தட்டுகிற வரி ஒன்றைக் கொடுத்து, எந்தச் சீரில் ஓசை கெடுகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கட்டம் போடுகிற பழக்கம் தானாக மாறும். பெற்றோரே, உங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை இன்று எடுங்கள். அதில் ஒரு வெண்பாவைப் பிள்ளையோடு சேர்ந்து சத்தமாகப் படியுங்கள், தனிச்சொல்லில் நிறுத்திப் படியுங்கள். பொருளும் வாய்பாடும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.